மூட்டுக்கு அடியில் ஒரு வாசற்படி

நான் ஐயாசாமி. குளுவாங் வட்டாரத்தில் தண்டவாளம் என்று யாராவது வாயெடுத்தால் அடுத்த சொல்லாக என் பெயர்தான் வரும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். பதினாறு வயதில் பாலோவில் ரயில் பாதைக் கூலியாகச் சேர்ந்தேன். இன்று இரண்டு லாரியும் பதினொரு ஆளும் எனக்குக் கீழே. பெரிய பாதையில் இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கிவிட்டார்கள். மின்சார ரயில் சத்தமில்லாமல் போகிறது. அதனால் எனக்கு வேலை குறைந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. குறையவில்லை. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குள்ளேயும் தண்டவாளம் இருக்கிறது. அதைப் போட்டவர்களில் பாதிப் பேருக்குப் போடத் தெரியாது. கடைசியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இது பேச்சியம்மாளின் கதை. என் பெருமை நடுநடுவே வந்தால், அது உண்மை என்பதால் வருகிறது.

பேச்சியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலோவுக்கு உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு நின்று, மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். என்னைவிட மூன்று வகுப்பு அதிகம் படித்தவள். அதை அவளிடம் நான் ஒப்புக்கொண்டது கிடையாது. கணவர் குணாளன் சிங்கப்பூரில் காவல் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மகள் ரூபினி செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். பேச்சியம்மாள் பத்து வருஷத்துக்கு மேல் பழம் பொறுக்கினாள். பிறகு ஆலை மேடையில் நின்று, லாரி கொட்டும் பழக் குலைகளை இரும்புக் கம்பியால் குத்தித் தள்ளும் வேலையில் ஒன்பது வருஷம். அந்த மேடை அவள் முழங்காலைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் வின்ச்சுக்கு வந்தாள்.

வின்ச்சு வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குலை ஏற்றிய இரும்புக் கூண்டுகள் சின்னச் சக்கரங்களோடு தண்டவாளத்தில் நிற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டரை டன். அவற்றை இழுத்து, குலைகளை ஆவியில் வேகவைக்கும் நீண்ட இரும்புக் குழாய்க்குள் அனுப்ப வேண்டும். வின்ச்சின் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். கயிற்றை அதில் மூன்று சுற்றுப் போட்டு நுனியைக் கையில் பிடித்தால் கூண்டு நகரும். நுனியைத் தளர்த்தினால் நிற்கும். வேகமும் நிதானமும் பிடிக்கிற கையில் இருக்கிறது. அந்த ஆலையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கூண்டுகூடத் தடம் இறங்கவில்லை.

பிறகு மூன்றே மாதத்தில் நான்கு கூண்டுகள் கவிழ்ந்தன. நான்கும் ஒரே இடத்தில்: இரண்டாவது குழாயின் வாய்க்கு இருபது அடி முன்னால், இரண்டு தண்டவாளங்களின் முனைகள் சேரும் மூட்டில். நான்கும் காலை முறையில், அவள் கயிறு பிடித்திருந்தபோது. பிற்பகல் முறைக்காரர் விஜயன் இழுத்தால் எதுவும் கவிழ்வதில்லை.

ஆலையின் துணை மேலாளர் தீபன் நாற்பத்தைந்து வயதுக்காரர், மோசமான மனிதர் இல்லை. அவர் யோசித்த விதம் சரியாகத்தான் இருந்தது. அதே கூண்டு, அதே தண்டவாளம், மாறுவது ஆள் மட்டும். ஆகவே தப்பு ஆளிடம். கயிற்றைச் சுண்டி இழுக்கிறாள் என்று பேச்சியம்மாளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இரண்டிலும் அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். மூன்றாவது வந்தால் வின்ச்சிலிருந்து எடுத்து மறுபடி மேடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அங்க திரும்பிப் போக எனக்கு முட்டி இல்லணே," என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நான்காவது கூண்டு கவிழ்ந்ததில் ஒரு தண்டவாளம் வளைந்துபோனது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என் ஆள் காளியப்பனோடு காலை ஆறரைக்கு ஆலைக்குள் லாரியை விட்டேன்.

"அங்கிள், வளைஞ்சத மாத்திக் குடுத்தா போதும். மத்தத நாங்க பாத்துக்குறோம்," என்றார் தீபன்.

"எதப் பாத்துக்குவீங்க?"

"ஆள மாத்தப்போறோம்."

"ஆள மாத்தினா தண்டவாளம் நிமிருமா?"

"பகடி வேணாம்லா அங்கிள். நாலு கூண்டு கவுந்திருக்கு, மேல பதில் சொல்றது நான்தான்."

பேச்சியம்மாள் வின்ச்சுப் பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருதான் ரயில் ஐயாசாமியா? லாரியில வந்திருக்காரு?"

"யம்மா, நான் போட்ட தண்டவாளத்து மேலதான் உங்கப்பா சிங்கப்பூருக்குப் போயிருப்பாரு, தெரியுமா?"

"எங்கப்பா பஸ்ல போனாருண்ணே."

காளியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய்விட்டான்.

நான் மூட்டிடம் போய்க் குனிந்தேன். இரண்டு முனைகளையும் இரு பக்கமும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் இருந்தன, நாலு போல்ட்டும் இருந்தன. முனைகள் நசுங்கியிருந்தன, சக்கரம் ஏறும் முனையில் புதுசாக வெட்டு விழுந்திருந்தது. கீழே எண்ணெய்ச் சேறும் பழ நாரும் கறுப்பாக அப்பிக் கிடந்தன. அதற்குள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கே தப்பியது. இதை இதுவரைக்கும் வெளியே சொன்னதில்லை.

தண்டவாளத்தில் காரணம் பிடிபடாவிட்டால், அதன் மேல் புழங்குகிற ஆளைப் பார்க்க வேண்டும். அது என் வழக்கம். பேச்சியம்மாளிடம் போனேன்.

"தினம் காலையில வந்ததும் என்னென்ன செய்வ? அத அப்படியே இப்ப செய். நான் இங்க இல்லன்னு நெனச்சுக்க."

"நெனச்சாச்சு," என்றாள்.

கயிற்றை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்தாள். உருளைக்கு எண்ணெய் விட்டாள். பிறகு, சுவரில் சாய்த்திருந்த பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு மூட்டிடம் நடந்து வந்தாள். காலால் சேற்றை விலக்கினாள். மூட்டுக்கு நேர் கீழே ஒரு கட்டையின் தலை தெரிந்தது. ஓங்கி மூன்று அடி. கட்டை உள்ளே போய் இறுகியது. மூட்டு கால் விரற்கடை மேலே எழும்பி நின்றது.

"என்னம்மா இது?"

"முட்டுண்ணே."

"யாரு வச்சது?"

"நான்தான். மூட்டு கீழ தொங்குச்சு. புகாரு புக்குல மூணு தடவ எழுதிப் போட்டேன், ஒருத்தரும் வரல. எங்க பழைய லயத்து வீட்ட இடிச்சப்ப வாசப்படிய எடுத்து வச்சிருந்தேன். அந்தக் காலத்து வைரக்கட்ட, ஆணி எறங்காது. அறுத்து மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து முட்டு குடுத்தேன். மத்தியானத்துக்குள்ள நழுவிடுது. அதான் தினம் காலையில அடிச்சு இறுக்கிட்டு ஆரம்பிப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசம்."

கவிழ ஆரம்பித்ததும் மூன்று மாதமாகத்தான். காலையில் கட்டை இறுகியிருக்கும், அவள் முறையில் கவிழும். மத்தியானம் கட்டை நழுவிவிடும், விஜயன் முறையில் கவிழாது.

பலவீனமான இடத்துக்குக் கீழே முட்டுக் கொடுப்பது எல்லோருக்கும் தோன்றுவது. வீட்டுக் கூரைக்கு அது சரி. தண்டவாள மூட்டுக்கு ஆகாது. நான் தண்டவாளத்தின் இந்தப் பக்க முனையில் ஏறி நின்று, அவளைக் கீழே பார்க்கச் சொன்னேன். என் பாரத்துக்குக் கட்டை என் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்து முனை லேசாக மேலே எழும்பியது. என் பாரத்துக்கே இது. இரண்டரை டன் வந்தால் எதிர் முனை சக்கரத்தின் முன்னால் படிபோல நிற்கும். சக்கரம் முட்டித் துள்ளும். எல்லாக் கூண்டும் கவிழாது; குலை ஒரு பக்கம் சரிந்திருக்கும் கூண்டு துள்ளினால் தடத்துக்கு வெளியே விழும்.

மூட்டு அந்தரத்தில் நிற்க வேண்டும், நேர் கீழே எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு குறுக்குக் கட்டை, அந்தப் பக்கம் ஒரு குறுக்குக் கட்டை, இரண்டும் நெருக்கமாக நின்று தாங்க வேண்டும். ஒரு கழியில் மூட்டையைக் கட்டி இரண்டு பேர் தோளில் சுமப்பதைப் போல. அப்போது இரண்டு முனையும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என் இருபதாவது வயதில், பாலோவுக்கும் சாமெக் நிலையத்துக்கும் நடுவே, பலமாக இருக்கட்டும் என்று நானும் ஒரு குறுக்குக் கட்டையின் மேலேயே மூட்டு உட்காரும்படி வைத்தேன். மூன்று மாதத்தில் கட்டை பிளந்தது. ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று நானே தோண்டி எடுத்தேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

பேச்சியம்மாள் குனிந்தபடியே இருந்தாள்.

"அப்ப நாலையும் கவுத்தது நான்தானா?"

"உன் கை கவுக்கல. உன் சுத்தி கவுத்துச்சு."

"ரெண்டும் எங்கிட்டதான இருக்கு," என்றாள்.

கட்டையை உருவி என் லாரியில் போட்டுவிட்டு, அடியில் கொட்டியிருந்த கல் கரைந்துபோனதுதான் காரணம் என்று தீபனிடம் சொல்லிக்கொள்வதாகச் சொன்னேன். கல்லும் கரைந்துதான் கிடந்தது. அவள் சுத்தியலைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தாள்.

ஆனால் அவள் இழுப்பில் தப்பில்லை என்பதை முதலில் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு தண்டவாளத்தை எடுத்து, வளைந்ததுக்குப் பதில் மாட்டினோம். கட்டையைத் தொடவில்லை. தீபனைக் கூப்பிட்டேன்.

"சார், நீங்க இழுங்க."

"நானா?"

"உங்களுக்கு வின்ச்சு தெரியும்னு கேள்விப்பட்டேன். எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா."

தீபன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கயிறு பிடித்தார். நன்றாகவே இழுத்தார். முதல் கூண்டு 'டொடங்' என்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் குலைகள் இடது பக்கம் சரிந்திருந்தன. மூட்டில் ஏறியதும் சக்கரம் துள்ளி, தடத்துக்கு வெளியே இறங்கி, கூண்டு சாய்ந்து நின்றது. பத்துப் பதினைந்து குலைகள் உருண்டன.

"அலமாக்!" என்று கயிற்றைத் தளர்த்தினார் தீபன்.

"நீங்களும் சுண்டி இழுத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் மூட்டுக்கு வந்து குனிந்தார். நான் கல் கரைந்த கதையை ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கட்டையைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு வச்சது?"

"அது பழசு சார்," என்றேன்.

"நான் வச்சது சார்," என்றாள் பேச்சியம்மாள். "மூணு மாசமா தினம் அடிச்சு இறுக்குறதும் நான்தான். அதுனாலதான் கவுருது. அண்ணன் காட்டினாரு."

தீபன் முகம் சிவந்தது. "யாரக் கேட்டு வச்சீங்கக்கா?"

"புக்கக் கேட்டேன் சார். மூணு தடவ."

காளியப்பன் வின்ச்சு அறையிலிருந்து புகார்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். தண்டவாள மூட்டு தொங்குகிறது என்று மூன்று தேதிகளில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் பார்வையிட்டவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் மூன்றிலும் காலி. அந்தக் கட்டம் தீபனுடையது. அவர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். கூண்டைத் தூக்கி நிறுத்தினோம். வாசற்படிக் கட்டையை உருவினோம். எண்ணெய்ச் சேற்றை இரண்டடி ஆழத்துக்கு வாரி எடுத்துவிட்டுப் புதுக் கல் கொட்டினோம். மூட்டுக்கு இரு பக்கமும் இருந்த குறுக்குக் கட்டைகளை நெருக்கி வைத்துக் கல்லை இடித்து இறுக்கினோம். நசுங்கிய முனைகளை வெட்டிச் சமமாக்கினோம். ஆவிக் குழாய் பக்கத்தில் இருப்பதால் சூட்டுக்கு இரும்பு நீளும். அதற்கு இடம் விட வேண்டும். இருபது காசு நாணயம் மூன்றை அடுக்கி இரண்டு முனைக்கும் நடுவில் செருகினேன். அதுதான் என் அளவுகோல், நாற்பது வருஷமாக. பட்டைகளுக்குக் கிரீஸ் பூசி நாலு போல்ட்டையும் முடுக்கினோம், கடைசிக் கால் திருகை மட்டும் விட்டுவிட்டு. அதையும் முடுக்கிவிட்டால் தண்டவாளம் நகர முடியாமல் வளையும்.

பேச்சியம்மாள் கயிறு பிடித்தாள். அந்தச் சரிந்த கூண்டையே முதலில் இழுத்தாள். மூட்டில் 'டக்டக்' என்று மட்டும் கேட்டது.

"கயித்துல ஒண்ணுமே தெரியலண்ணே," என்றாள்.

மாலை மூன்று மணிக்குத் தீபன் ஒரு தாளோடு வந்தார். பழைய கடிதங்கள் இரண்டையும் மேலாளர் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார். கையில் இருந்தது புதுக் கடிதம். கணக்கில் அதுதான் இப்போது முதலாவது. அனுமதி இல்லாமல் தண்டவாளத்துக்கு அடியில் கட்டை செருகியதற்கு எச்சரிக்கை என்று மலாயில் இருந்தது. அவள் நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"வின்ச்சு?" என்று கேட்டாள்.

"வின்ச்சு உங்களுக்குத்தான்."

அவள் அவர் சட்டைப் பையைக் காட்டிப் பேனா கேட்டாள். தீபனுக்கு ஆச்சரியம்.

"அந்த ரெண்டுலயும் போடமாட்டேன்னு அந்த நிலை நின்னீங்களேக்கா?"

"அது நான் செய்யல சார். இது செஞ்சேன்."

போட்டுக் கொடுத்தாள். கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது: இனிமேல் தண்டவாளத்தைத் தொடக் கூடாது, எதுவானாலும் புத்தகத்தில் எழுத வேண்டும், துணை மேலாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் வேறு வேலையாக அந்த ஆலைக்குப் போயிருந்தேன். ஒரு கூண்டும் கவிழவில்லை. நான் போட்ட மூட்டு அப்படித்தான் இருக்கும். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'மூட்டு பார்த்தேன். சரி.' என்று தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு வரி. எதிரே தினமும் தீபனின் கையெழுத்து.

தீபன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் லீவுல இருந்தாகூட விடமாட்டேங்குறாங்க அங்கிள். பக்கத்த படம் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பி, வந்ததும் போட்டுடுங்க சார்ங்குறாங்க."

"கடிதத்துல அத எழுதுனது நீங்கதான சார்," என்று வின்ச்சுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அவர் பேனாவை எடுத்தார்.