காந்தத்தில் ஒட்டிய விலாசம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இதை வாசித்துவிட்டு, முக்கியமானதை விட்டுவிட்டீர் என்பார்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்வீதியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. தையல் மெசின் திருத்துவதும் அதற்கான உதிரிப்பாகங்கள் விற்பதும் தொழில். மெசினுக்குள் கையை விடுவது அவர், வருகிறவர்களோடு கதைப்பது நான். தொண்ணூறில் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் பட்டணம் வெறிச்சோடிப் போனது. கையில் அகப்பட்டதை ஒரு உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, சுன்னாகப் பக்கம் ஒரு ஊரின் குறுகிய ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்தோம். சொந்தக்காரர் ஒருவரின் வீட்டு முன்னறைதான் கடையாயிற்று.

கடை வந்துவிட்டது, ஆட்கள் வரவில்லை. எங்களிடம் அதிகமாக வந்துபோனவர்கள் சோனகத் தெரு முஸ்லிம் தையற்காரர்கள். அந்த வருஷம் ஐப்பசியில் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர் ஊரைவிட்டே போகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய இரண்டு மெசின்கள் திருத்தி முடித்தபடி எங்கள் அறை மூலையில் நின்றன. அவற்றைப் பார்க்கும் நேரமெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் எங்கே என்று எங்களுக்கும் தெரியாது.

இத்தனைக்கும் தையலுக்குக் குறைவில்லாத காலம் அது. புதுத்துணி வராததால் பழைய சேலைகள் சட்டையாகின, சாரங்கள் தலையணை உறையாகின. கரண்ட் இல்லாவிட்டாலும் மிதிமெசினுக்கு என்ன கவலை? குடாநாடு முழுக்க மெசின்கள் ஓடிக்கொண்டும் பழுதாகிக்கொண்டும் இருந்தன. எங்களிடம் மட்டும் வரவில்லை. இரண்டு வருஷம் இருந்த சாமானை விற்றுச் சமாளித்தோம். தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவியபடி சொன்னார்.

"தைப்பொங்கல் மட்டும் பாப்பம். பிறகும் இப்பிடியெண்டால் நான் கிளாலியாலை போறன். கொழும்பிலை மெசின் பாக்கிற ஆக்களுக்கு வேலை இருக்காம்."

கிளாலி என்றால் இருட்டில் படகேறிக் கடலேரியைக் கடப்பது. போனவர்கள் எல்லோரும் அக்கரை சேரவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம், அது அதில் ஒன்று.

அதற்கு அடுத்த கிழமை ஒரு பெண் வந்தாள். மிஞ்சியிருந்த ஒரே மெசின் ஊசியை வீட்டு முற்றத்தில் தவறவிட்டிருந்தாள். முற்றத்து மண்ணை அப்படியே கூட்டி ஒரு ஓலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு, "புது ஊசி ஒண்டு இருக்கோ அக்கா, இல்லாட்டி இதுக்குள்ளை தேடித் தாறியளோ" என்று நின்றாள். புது ஊசி எங்களிடமும் இல்லை. அவர் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்து மண்ணுக்குள் இரண்டு தரம் சுற்றினார். ஊசி வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே ஒரு ஆணியும், துருப்பிடித்த ஊக்கு ஒன்றும் வந்தன. அவள் ஊசியைப் பார்க்கவில்லை, காந்தத்தைத்தான் பார்த்தாள்.

"உதிலை ஒண்டு எனக்கும் தருவியளோ?"

எனக்கு அந்த இடத்திலேயே புத்தி வேலை செய்தது. பட்டணத்தில் இருந்தபோது வருஷாவருஷம் சரஸ்வதி படம் போட்ட கலண்டர் அடித்துக் கொடுப்போம். இப்போது பிள்ளைகளின் கொப்பிக்கே தாள் இல்லை. காந்தம் என்றால் மெசினின் இரும்பு உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், விழுந்த ஊசியையும் எடுத்துத் தரும். அதன் மேல் எங்கள் கடைப்பெயர் இருந்தால் தைக்கிறவளின் கண் முன்னால் நாள் முழுக்க நாங்கள்தான்.

அவருக்கும் யோசனை பிடித்துவிட்டது. ரேடியோ திருத்துகிற நண்பர் ஒருவரிடம் செத்த ஸ்பீக்கர்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. இனி இதுகளுக்கு எப்போது உயிர் வரப்போகிறது, கொண்டுபோங்கள் என்று அந்த மனிதர் தந்துவிட்டார். இரண்டு நாள் அறை முழுக்கக் காந்தம் பரப்பித் தெரிவுசெய்தோம். கலியாண வீட்டு ஸ்பீக்கர்களின் காந்தம் சாப்பாட்டுத் தட்டு அளவு. மெசினில் ஒட்டினால் இரண்டு பேர் சேர்ந்துதான் இழுக்க வேண்டும். என் விரல் நுனி ஒன்று நசிந்து கறுத்ததும் அதை ஒதுக்கினோம். அலுமாரிக் கதவுக் காந்தம் குண்டூசியைக்கூட அரைமனதோடுதான் தூக்கியது. டேப் ரெக்கோடர் ஸ்பீக்கர்களில் இருந்த வளையங்கள்தான் சரி. தேநீர்க் குவளை வாய் அளவு, நடுவில் ஓட்டை, கைக்கு அடக்கம். அப்படி அறுபதளவில் தேறின.

எழுத்து அடிக்க அச்சகத்துக்குப் போனோம். தடித்த தாள் எங்கே இருக்கிறது என்று அச்சகக்காரர் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு கட்டு கலியாண அழைப்புக் காட் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வரமுடியாமல் நின்றுபோன ஏதோ ஒரு கலியாணத்துக்காக வெட்டிவைத்த வெறும் காட், ஓரத்தில் மெல்லிய மஞ்சள். அதை வட்டமாக வெட்டலாம். ஓட்டைக்கு மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி, அதற்கு மேல் இடமில்லை என்று கையை விரித்தார்.

இங்கேதான் நான் பிழைவிட்டேன்.

"ஒழுங்கையின்ரை பேரையும் வீட்டு நம்பரையும் போடும்" என்றார் என் மனுசன்.

"ஒழுங்கைக்குப் பேர் இருக்கிறது தபால்காரனுக்கும் உங்களுக்கும்தான் தெரியும். சங்கக்கடைக்கு முன்னாலை எண்டு போட்டால் குழந்தைப் பிள்ளையும் வரும்."

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யார்தான் வீதிப் பெயர் சொல்லி வழி கேட்கிறார்கள்? வைரவர் கோயிலடி, மில்லடி, டொக்டர் வீட்டுக்குப் பின்பக்கம், இப்படித்தானே சொல்வோம். நிவாரண மாவுக்கும் சீனிக்கும் ஊரே எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்ற காலம். அதைவிடத் தெரிந்த இடம் எது? ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. ஒழுங்கைப் பெயரும் போட்டால் கடைப்பெயரைச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். எனக்குக் கடைப்பெயர் பெரிதாக வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அச்சகக்காரரிடம், "அவ சொன்னபடி அடியுங்கோ" என்றார்.

மாப் பசை போட்டு ஒட்டி, மிச்சமிருந்த வார்னிசை மேலே பூசி வெயிலில் காயவைத்தோம். பசை வாசத்துக்குக் கரப்பான் வரும் என்று பயந்தேன், வரவில்லை. அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுப்பிட்டித் தையல் வகுப்பு, பருத்தித்துறைத் தையற்கடைகள், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் இருந்த முகாம் என்று ஒரு கிழமை சுற்றினார். கொடுக்கும்போதெல்லாம் நூல் சுற்றும் பொபினுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று பாடமும் நடத்திவிட்டு வந்தார். கால் வீங்கிப் போனது. ஆனாலும் எல்லோரும் சந்தோசமாக வாங்கினார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கார்த்திகை மழை கொட்டியது. முன்பே ஷெல் பட்டு ஆடிக்கொண்டிருந்த சங்கக்கடைக் கூரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. நல்லகாலம், உள்ளே யாரும் இல்லை. மறுநாள் நான் சீனிக்குப் போனபோது கதவில் சோக்கட்டியால் எழுதியிருந்தது. சங்கக்கடை ஒன்றரை மைல் தள்ளி, வேறு ஒரு களஞ்சியத்துக்கு மாறிவிட்டது.

நான் பையோடு அப்படியே நின்றேன். அறுபது காந்தம், அறுபது வீட்டில், சங்கக்கடைக்கு முன்னால் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து வருகிறவன் சங்கக்கடை எங்கே என்று கேட்டால் ஊர்ச்சனம் புது இடத்துக்குத்தானே கையைக் காட்டும்? அந்தப் புது இடத்துக்கு முன்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்தான்.

பட்டணத்தில் எங்களுக்கு நாலு கடை தள்ளி இதே தொழில் செய்தவர் ஒருவர் இருந்தார். எங்களைவிட வயதில் மூத்தவர், அதிகம் கதைக்காதவர். ஒருநாள் ஒரு பள்ளிக்கூட ரீச்சர், மெசினுக்குள் பொபினைத் தாங்கும் ஷட்டில் உடைந்துபோனதென்று எங்களிடம் வந்தா. அதை முன்பு மாற்றிக் கொடுத்தவர் அந்த மூத்தவர். நான் நடுவீதியில் நின்று, "பழசைத் தேய்ச்சுப் புதுசெண்டு போடுற ஆளிட்டைக் குடுத்தால் இப்பிடித்தான் வரும்" என்று சொன்னேன். அவர் தன் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். ஒரு மாதத்துக்குள் கொழும்பிலிருந்து வந்த அதே ஷட்டில் எங்களிடமும் மூன்று உடைந்தது. சாமான்தான் பிழை, அவரில் பிழையில்லை. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு சண்டை வந்தது, அதுவும் எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று.

இப்போது என் காந்தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் வாசலில் விடப்போகிறது. அவர் அங்கே மெசின் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் அவருடைய இடத்தில் இருந்தால் வாருங்கள் என்று கதிரை போட்டிருப்பேன்.

என் மனுசனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கடைப்பேர் மட்டும் நல்லாத் தெரியுது" என்றார். அதற்குப் பிறகு சைக்கிள் டயரைக் கழற்றி ஒட்டுப்போட உட்கார்ந்தார். கிளாலி வரை சைக்கிளில்தான் போகவேண்டும். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மார்கழி தொடக்கத்தில் உடுப்பிட்டியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். மெசின் தலையைச் சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டி, சைக்கிளை உருட்டியபடி வந்தாள்.

"சங்கக்கடையடிக்குப் போனனான் அக்கா. முன்வீட்டிலை ஒரு ஐயா மெசின் திருத்திக்கொண்டிருந்தவர். அவரிட்டையே குடுப்பமெண்டு காந்தத்தைக் காட்டினன். இது என்ரையில்லை பிள்ளை, அவையிட்டைக் கொண்டுபோங்கோ எண்டு வழி சொல்லிவிட்டவர்."

காந்தத்தை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் ஓரத்தைச் சுற்றி, பென்சிலை அழுத்திப் பிடித்து, எங்கள் ஒழுங்கையின் பெயரும் வீட்டு நம்பரும் எழுதியிருந்தது. குண்டு குண்டான, நிதானமான எழுத்து. நாங்கள் இருக்கிற இடத்தை அவர் எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறார்.

அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கிழமை ஐந்து பேர். வந்த ஒவ்வொரு காந்தத்திலும் அதே எழுத்து. ஒரு கிழவர் மழையில் நனைந்து வந்தார். அவருக்கு அந்த வீட்டில் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பொங்கலுக்குக் கிட்டே எங்கள் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. என் மனுசன் கிளாலிக் கதையை எடுக்கவேயில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் ஒரு பெட்டியில் பனங்கட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு அந்த மூத்தவரின் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் அவர் மனைவி நின்றா. விறாந்தையில் ஒரு உரப்பை வாய் கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் மெசின் திருத்தும் கருவிகள் இருக்கும் ஆயுதப்பெட்டி, சுத்தமாகத் துடைத்தபடி.

"எங்கையோ வெளிக்கிடுறியள் போலை" என்றேன்.

"இவர்தான். பொங்கல் முடியக் கிளாலியாலை போறார்" என்று அந்த அம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னா. "இஞ்சை வேலையில்லை, தங்கச்சி. ஒரு மாசமா ஒருத்தரும் வரேல்லை."

ஒருத்தரும் வரவில்லையா? நான் எண்ணிப் பார்த்தால் இருபது பேருக்கு மேல் அந்த வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரை மறித்திருந்தால் அந்த உரப்பை அங்கே இருந்திராது. அவர் உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"ஏன் அண்ணை அனுப்பினீங்கள்? நீங்களே செய்து குடுத்திருக்கலாமே."

"பேர் போட்டுக் குடுத்த சாமானோடை வந்தவை. அதை நான் எப்பிடி எடுக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னார். ஷட்டில் விசயத்தை எடுக்காமலே பனங்கட்டிப் பெட்டியை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். பிறகு வீட்டில் கேட்காமலே, யோசிக்காமலே, என் வழக்கப்படி வாய் முந்திக்கொண்டது. அந்த ஒரு தரம் அது நல்ல வேலை செய்தது.

"எங்கடை வீட்டிலை ரெண்டு பேருக்கு வேலை கிடக்கு. திங்கட்கிழமை வாங்கோ. என்ரை மனுசன் போகாமல் நிக்கிறார் எண்டால் அது உங்களாலை. உங்களைப் போகவிட்டிட்டு நான் எப்பிடிப் பொங்கிறது?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனுசன், "நீர் கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கோவிச்சிருப்பன்" என்றார்.

திங்கட்கிழமை விடிய ஆயுதப்பெட்டியோடு வந்தார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதிச் சனமே ஒன்றாக ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள்வரை இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் வேலை செய்தார்கள். அந்த முதல்நாள் காலை நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, போகாமல் நின்றேன்.

"அண்ணை, அண்டைக்குப் பட்டணத்திலை, அந்த ஷட்டில் விசயத்திலை நான் சொன்னது பிழை. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை சற்று நின்றது.

"எந்த ஷட்டில்? எனக்கு ஞாபகமில்லை, தங்கச்சி" என்றார்.

ஞாபகம் இருந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது. எங்களுக்குத் தொழிலை மீட்டுத் தந்ததற்கும், என் மனுசனை என்னோடு நிற்க வைத்ததற்கும் அவருக்கு நான் எத்தனையோ தரம் நன்றி சொல்லிவிட்டேன். அன்று காலை எனக்காகச் சொன்ன அந்தப் பொய்க்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.