கொள்ளு பரப்பிய ரோடும் எருமைத்தோல் கோட்டும்

செம்பட்டி டீக்கடையில் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் முட்டாள்கள்.

எண்பதுகளில் அவர் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரி. சித்திரை வெயிலிலும் எருமைத்தோல் கோட்டும் கையுறையும் இல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுக்க மாட்டார். கிளம்பும் முன் கழுத்துவரை ஒவ்வொரு பித்தானையும் இழுத்துப் பார்ப்பார். அதற்குள் பின்னால் உட்கார்ந்து போகும் எனக்கு ஒரு பீடி முடிந்துவிடும்.

ஒருநாள் வேட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, உள்ள வேகலையா?"

"வேகுது அப்பு. ஆனா தோலு எம்புட்டு லேசா உரியும்னு தினம் பாக்குறவன் நான்."

அன்று செம்பட்டி டீக்கடைக்குப் பக்கத்தில், மணி உதிர வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று கொள்ளுச்செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். வண்டி வழுக்கி, இருவரும் தார்ரோட்டில் தேய்த்துக்கொண்டே போனோம். என் முட்டியிலும் முழங்கையிலும் தோலே இல்லை. கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்து என்னை வேனில் ஏற்றினார்கள். அவர் கோட்டில் கீறல்தான்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. செத்த தள்ளி நில்லுங்க, கொள்ளு சிதறுது" என்று சொல்லி அவரிடம் சோடாவை நீட்டினார்கள். சோடா கைநழுவி உடைந்தபோதுதான் மணிக்கட்டு ஒடிந்திருப்பது தெரிந்தது.

"அம்புட்டுப் பெரிய கோட்டுப் போட்டும் கை ஒடிஞ்சிருச்சே" என்று ஒரே சிரிப்பு.

எலும்பு ஒடியாது என்று அவர் எப்போது சொன்னார்?

மறுவாரம் மாவுக்கட்டோடு என்னைப் பார்க்க வந்தார். ஒரு கை மட்டும் கோட்டுக்குள் இருந்தது. கிளம்பும்போது, "அப்பு, கழுத்துப் பித்தானைச் செத்த இழுத்துப் பாரு" என்றார். புண்ணில் போர்வை ஒட்டி ஒரு வாரமாகத் தூங்காத நான், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

சிரித்தவர்களே, அதே டீக்கடை வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்லுங்கள்: அன்று தோல் உரிந்தது யாருக்கு?