குவேக்கர் கூடத்தில் கேட்ட பெயர்

என் மனைவி எட்டு வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்துக்குப் போய்வந்தாள். நாங்கள் மதம் மாறவில்லை. வீட்டில் பிள்ளையார் இருந்தார், வெள்ளிக்கிழமை விளக்கும் இருந்தது. ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். தெற்கு நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். பழைய செங்கல் கட்டடம். சிலுவை கிடையாது, மணி கிடையாது. பாதிரியாரும் இல்லை என்றாள். எல்லோரும் பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களாம். யாருக்காவது மனதில் ஏதாவது தோன்றினால் எழுந்து நின்று சொல்லலாம். கடைசியில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

"சும்மா உக்கார்றதுக்கு எதுக்கு டிரைவ் பண்ணிப் போகணும்? வீட்லயே உக்காரலாமே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வீட்ல உக்காந்தா நீங்க டிவி போட்டுடறீங்க" என்று சிரித்தாள்.

அவளை அங்கே முதலில் கூட்டிப்போனது ஓர் ஐரிஷ்காரப் பெண். டவுன் லைப்ரரியில் இவளோடு சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கியவர். அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்ட் பக்கம் பிறந்தவர், தலைமுறை தலைமுறையாகக் குவேக்கர் குடும்பம். அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது அவருடைய முன்னோர்கள் பெரிய பெரிய கொப்பரைகளில் சூப் காய்ச்சி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்காமல் ஊற்றியிருக்கிறார்கள். அதன் நினைவாக இங்கேயும் வருடத்தில் ஒரு நாள் ஊரைக் கூப்பிட்டு சூப் ஊற்றுவார்கள். என் மனைவி அன்றைக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய மிளகு ரசம் வைத்து எடுத்துப்போவாள். பாத்திரம் சிந்தாமல் இருக்க நான் காரை மெதுவாக ஓட்டுவேன். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எட்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் உள்ளே போகவில்லை.

ஒரு கோடையில் அந்தப் பெண்மணி ஊருக்குக் கிளம்பினார். அங்கே அவர்களுடைய பழைய கூடத்தைத் திறந்துவைத்து, எல்லோரும் கூடி, மூதாதையர் கதைகளைப் பேசி, இடுகாடு வரைக்கும் நடந்துபோவார்களாம். இவளையும் கூப்பிட்டிருந்தார்.

"ஏனுங்க, நானும் போய்ட்டு வரட்டுமா? ஒரு வாரந்தான்."

"திரும்பி வர்றப்ப விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்கிட்டு உள்ள விடலன்னா என்ன பண்ணுவ? கிரீன் கார்டு வரட்டும். ரெண்டு பேருமே போலாம்."

"சரிங்க" என்றாள். அடுத்த வருடமும் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். அந்த முறை அவள் "சரிங்க" என்று சொல்லவில்லை. எழுந்துபோய் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்தது.

அந்த வருடம் இலை உதிரும் சமயத்தில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் புற்றுநோய். ஐந்து மாதம்தான் இருந்தாள். சாம்பலைப் பவானியில் கரைப்பதற்காக ஊருக்குப் போனேன். இத்தனை வருடம் நான் பயந்த அந்த ஸ்டாம்பிங் சென்னையில் மூன்றே நாளில் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கவுண்டருக்கு வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். விசா கிடைக்கவில்லை போல என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

திரும்பி வந்த பிறகு ஐரிஷ்காரப் பெண்மணி போன் செய்தார். அவளுக்காகக் கூடத்தில் மாலையில் ஒரு நினைவுக் கூட்டம், நான் வரவேண்டும் என்றார். முதன்முறையாக உள்ளே போனேன். வெறும் சுவர், நீளமான மர பெஞ்சுகள், முப்பது நாற்பது பேர். யாரும் எதுவும் ஆரம்பித்துவைக்கவில்லை. உட்கார்ந்தோம், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து ஒரு கிழவர் எழுந்து, அவளுடைய ரசத்தைக் குடித்த நாளெல்லாம் தன் சளி போய்விட்டது என்றார். சிலர் மெல்லச் சிரித்தார்கள். மறுபடி அமைதி.

பிறகு ஐரிஷ்காரப் பெண்மணி எழுந்தார். என் மனைவி முதன்முதலில் இந்தக் கூடத்தில் எழுந்து பேசிய நாளை மறக்கவே முடியாது என்றார். அன்று அவள் தன் மகளைப் பற்றிப் பேசினாளாம். மகளின் பெயரைச் சொன்னாளாம். அந்தப் பெயரை இவரும் சொன்னார். உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் அது நல்ல தமிழ்ப் பெயர் என்று எனக்குப் புரிந்தது.

அவள் இந்தக் கூடத்துக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்பு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஏழாம் மாதத்தில், உயிரில்லாமல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளோடு வந்து, குழந்தைக்குப் பெயர் போட வேண்டுமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். பெயர் வைத்தால் மறக்க முடியாமல் போய்விடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் ஆறிவிட்டாள் என்றே நம்பியிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்கும் ஒரு குழந்தை அப்படிப் பிறந்ததாகச் சொன்னார். வாட்டர்ஃபோர்ட் பக்கத்து இடுகாட்டில்தான் புதைத்தார்களாம். அங்கே பெரியவர், சிறியவர், பணக்காரர், ஏழை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கல். இரண்டு அம்மாக்களும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். இரண்டு கோடையிலும் அதற்குத்தான் அவள் போகக் கேட்டிருக்கிறாள். நான் விசாவைப் பற்றிப் பேசினேன்.

வீட்டுக்கு வந்ததும் கோயமுத்தூரிலிருக்கும் அத்தைக்கு, அவள் அம்மாவுக்கு, போன் போட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. கூடத்தில் கேட்ட பெயரை மட்டும் சொன்னேன்.

அத்தை, "தெரியுமுங்க மாப்ள" என்றார். "அவ அப்பவே சொன்னா."

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"அவர் தாங்க மாட்டாரும்மான்னு சொன்னா. உங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியமே வாங்கிட்டா. நாந்தான் வருஷா வருஷம் அந்த நாளுக்குக் கோயில்ல பாயாசம் வெச்சு, வர்ற கொழந்தைகளுக்குக் குடுத்துட்டிருக்கறனுங்க."

எனக்குக் குளிர்காலம் என்பதும், கார் கண்ணாடியில் பனி சுரண்டியதும் ஞாபகம் இருந்தது. தேதி ஞாபகம் இல்லை. அதை மறப்பதற்குத்தான் அத்தனை பாடுபட்டிருந்தேன்.

"எந்த நாள் அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை சொன்னார். கையருகில் பேப்பர் எதுவும் இல்லை. மின்சார பில் வந்த கவரின் பின்பக்கத்தில் தேதியை எழுதி, அதற்குக் கீழே என் மகளின் பெயரையும் எழுதினேன். குறிலா நெடிலா என்று சந்தேகம் வந்தது. அத்தையிடம் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.