அச்சில் விட்ட எண்ணெய்

பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் அந்த எண்ணெய்க் கேனை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தகரத்தில் செய்தது. வயிறு பருத்து, மூக்கு நீண்டு, கொக்கு மாதிரி இருக்கும். அடியில் கட்டைவிரலால் அமுக்கினால் 'டொக்' என்று சத்தம் போட்டு ஒரு சொட்டு விடும். பேகம்பூரில் லேத் பட்டறை போட்ட நாளிலிருந்து என் வலது கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்த சாமான் அது. ஒருநாள் இரவு அதைச் சுவரில் மாட்டினேன், அப்புறம் வேலைக்கு எடுக்கவில்லை. வேறு கேன் வாங்கிக்கொண்டேன். "நல்லாத்தான இருக்கு, ஏம்ப்பா அதத் தொடவே மாட்டேங்குற?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். உங்கள் மாமா போய்ச் சேர்ந்த பிறகு அவரைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால், அந்தக் கேனில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மாமா உங்கள் அம்மாவுக்கு மூத்தவர், எனக்கு மச்சான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் பத்தாவதோடு நின்றவன் என்றாலும் எங்களுக்குள் அந்த வித்தியாசம் இருந்ததில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க மதுரைக்குப் போய் வந்து, கண்ணாடியைக் கண்ணாடியால் தேய்த்துத் தேய்த்து, ஒரு டெலஸ்கோப்புக்கான வட்டக் கண்ணாடியைத் தன் கையாலேயே செய்துகொண்டு வந்தார். ப்ளைவுட்டில் சதுரமாக ஒரு குழாய் அடித்து, உள்ளே கரும்பலகைக்குப் பூசுகிற கறுப்புப் பெயிண்டையே பூசினார். அது ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். கையால் தள்ளினால் மேலும் கீழும் போகும், சுற்றிலும் திரும்பும். மோட்டார் கிடையாது, ஒன்றும் கிடையாது. எந்த நட்சத்திரத்திலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தால் என்ன இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் போகிற மாதிரி அவர் வானத்தில் போய் வருவார்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் கோயில் மைதானத்தில் குடில் போடுவார்கள் இல்லையா, சாயங்காலப் பூசை முடிந்ததும் அந்தக் குடிலுக்குப் பக்கத்தில் மச்சான் டெலஸ்கோப்பை வைத்துவிடுவார். சனமெல்லாம் வரிசையில் நிற்கும். "சார், மூணு ராசாவும் பாத்த நட்சத்திரம் எது சார்?" என்று வருசா வருசம் யாராவது கேட்பார்கள். "அவுக ஒட்டகத்துல வந்தாக, அதனால தெரிஞ்சுச்சு. நீ சைக்கிள்ல வந்திருக்க, உனக்குச் சனிக்கோளே போதும்" என்பார். ஊருக்குள் அவரை வாத்தியார் என்பதைவிட 'வானம் காட்டுற சார்' என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பெயரில் அவருக்கு எவ்வளவு பிரியம் என்பது எனக்குத் தெரியும். அவருடைய வாழ்க்கையில் அவராகச் சம்பாதித்தது அது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் குவைத்தில் நர்ஸாக இருந்த உங்கள் சித்தி ஊருக்கு வந்தபோது அவருக்கு ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்தாள். மச்சான் கேட்டு வாங்கிவரச் சொன்னதாம். உள்ளே சிவப்பு எழுத்தில் எண் காட்டுகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர், நீளமான ஒயர்கள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு கறுப்புக் கட்டைகள். அந்தக் கட்டைகளுக்கு என்கோடர் என்று பெயர். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய அச்சு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அச்சு எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்வதுதான் அதன் வேலை. ஒன்றை டெலஸ்கோப் ஏறி இறங்குகிற இடத்திலும் இன்னொன்றை அது சுற்றுகிற இடத்திலும் பூட்டிவிட வேண்டும். பிறகு தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நேராகக் குழாயைப் பிடித்து, 'இது இன்னார், அது இன்னார்' என்று அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கு அடையாளம் காட்டிவிட்டால் போதும். திருவிழாவுக்கு வந்த விருந்தாளிக்கு ரெண்டு பேரை அறிமுகம் செய்துவிட்டால் மீதிச் சொந்தத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்கிற மாதிரி, மீதி வானத்தைப் பெட்டி கண்டுபிடித்துக்கொள்ளும். நமக்கு என்ன பார்க்க வேண்டும் என்று அதில் அமுக்கினால் இரண்டு எண்கள் வரும். இரண்டும் சைபர் ஆகும்வரை குழாயைத் தள்ள வேண்டியதுதான். "எல்லாத்தையும் மனப்பாடமா வச்சிருக்கிற உங்களுக்கு இது எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன். "டவுன்ல வெளிச்சம் கூடிப்போச்சு மாப்ள. வழிகாட்டுற பொடி நட்சத்திரமெல்லாம் இப்பத் தெரிய மாட்டேங்குது" என்றார். நான் நம்பினேன். வெளிச்சம் கூடத்தானே செய்திருந்தது.

பூட்டுகிற வேலை என்னுடையது. என்கோடர் அச்சைப் பிடித்துக்கொள்ள பித்தளையில் ஒரு புஷ் கடைந்தேன். அதாவது அச்சு உள்ளே போய் உட்காருகிற குட்டிக் குழல். பக்கத்திலிருந்து ஒரு சின்னத் திருகு அச்சை அழுத்திப் பிடிக்கும். குழாய் திரும்பினால் புஷ் திரும்பும், புஷ் திரும்பினால் அச்சு திரும்பும். மச்சான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்த குறிப்புத் தாளை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். புஷ்ஷும் அச்சும் அப்படிக் கச்சிதமாக உட்கார்ந்தன. அந்தச் சந்தோசத்தில், திருகை முடுக்குவதற்கு முன்னால், என் கை தானாகப் போய்க் கேனை எடுத்து 'டொக்' என்று ஒரு சொட்டு விட்டது. தொழில் கற்ற நாளிலிருந்து எண்ணெய் விடாமல் எந்த அச்சையும் நான் மூடியதில்லை. ஆனால் சுற்றுகிற அச்சுக்குத்தான் எண்ணெய். பிடித்துக்கொள்ள வேண்டிய அச்சுக்கு அது ஆகாது. எனக்குத் தெரியாத விசயம் இல்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். கைக்கு யோசனை கிடையாது.

முதல் வாரம் எல்லாம் சரியாக வேலை செய்தது. அவர் வீட்டு மாடியில் இருட்டியதும் நான் பெட்டியைப் பார்த்து எண்ணைச் சொல்வேன், அவர் தள்ளுவார். "நீ வாசி மாப்ள, அந்தச் சிவப்பு கண்ணக் கூசுது" என்பார். அதையும் நம்பினேன். சர்க்கரை வியாதி அவர் கண்ணுக்குள் இறங்கியிருந்ததும், பெரிய நட்சத்திரங்கள் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மங்கிவிட்டதும், மதுரை ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகப் போய் வந்ததும் எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் அந்தப் பெட்டியை வாங்கியதே அதற்காகத்தான். வெளிச்சமான இரண்டு நட்சத்திரத்தை அவரால் பிடிக்க முடியும்; மீதியைப் பெட்டி பிடித்துத் தரும். தனக்குத் தெரியாவிட்டாலும் வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியுமே. அப்படியே இன்னும் கொஞ்ச காலம் வானம் காட்டுற சாராக இருந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பட்டறையில் அவசர வேலை. நான் மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது வரிசை பாதி முடிந்திருந்தது. ஒரு பையனை எண்களை வாசிக்கச் சொல்லி, ஆண்ட்ரோமீடாவைக் காட்டிக்கொண்டிருந்தார். நம் பால்வீதியைப் போல அது இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டம். டெலஸ்கோப்பில் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி தெரியும். "இந்த வெளிச்சம் அங்க இருந்து கிளம்புறப்ப நம்மள மாதிரி மனுசனே இந்த பூமியில கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தவர்கள் எல்லோரும் "ஆமா சார், தெரியுது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். உங்கள் அம்மா முறை வந்தது. அவளுக்குத்தான் எதையும் மனதில் வைக்கத் தெரியாதே. "ஏண்ணே, ஒண்ணையும் காணோமே. வெறும் இருட்டால்ல இருக்கு" என்றாள். "கண்ண இருட்டுக்குப் பழக்கு தங்கச்சி. ஓரக்கண்ணால பாரு, பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார். "பஞ்சும் இல்ல, நூலும் இல்ல" என்று அவள் விலகிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. நான் போய்க் குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தபோது மச்சான் முகம் எனக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. கையை என் தோளில் வைத்து, குரலை இறக்கி, "தெரியுதுல்ல மாப்ள?" என்று கேட்டார்.

"குழாய் வேற எங்கயோ பாக்குது மச்சான். இங்க ஒண்ணுமே இல்ல" என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

"பெட்டியில சைபர் காட்டுதுல்ல? நீ செஞ்சது தப்பாவா இருக்கும்?" என்றார். அந்தச் சொல் என்னை உசுப்பிவிட்டது. நான் செய்தது தப்பாக இருக்கக் கூடாதே. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். அச்சைத் தொட்டதும் விரலில் எண்ணெய். குழாய் ஏறி இறங்கும்போது அச்சு கூடவே சுற்றாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. பெட்டி பாவம், தனக்கு வந்த கணக்கை வைத்துச் சைபர் காட்டியிருக்கிறது. பைக்கிலிருந்து எடுத்த பெட்ரோலில் துணியை நனைத்துவந்து துடைத்தேன், காயவைத்தேன், திருகை இறுக முடுக்கினேன். கூட்டம் கலையாமல் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரிதான். கிழக்கே ரோகிணி, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த திருவோணம், இரண்டையும் நானே பிடித்துப் பெட்டிக்கு அடையாளம் காட்டினேன். எண்களைச் சைபருக்குக் கொண்டுவந்து குனிந்தால், நட்ட நடுவில் ஆண்ட்ரோமீடா. ஆளாளுக்குப் பார்த்து "அடேயப்பா, இதுவா!" என்றார்கள். சற்று முன் தெரியுது என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா கிண்டலுக்குத்தான், "அப்ப சார் இம்புட்டு நேரம் எதைப் பாத்துக்கிட்டு இருந்தாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "வாங்க மச்சான், இப்பப் பாருங்க, சும்மா தாம்பாளத்துல வச்ச மாதிரி இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வந்து குனிந்தார். கண் வைத்துப் பார்க்கிற வில்லை குழாயின் பக்கவாட்டில் இருக்கும். அவர் கண் அதன் மேல் இல்லை. பக்கத்தில், வெறும் பலகையின் மேல் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "ம், அருமையா இருக்கு மாப்ள" என்றார். குடில் விளக்கு வெளிச்சத்தில் முன்வரிசையில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது செய்தி அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் வகுப்பு அளவுக்கு மீறி அமைதியாகிவிடுகிறது என்று உங்கள் அத்தையிடம் சொன்னாராம். அந்த வருசத்தோடு வேலையை விட்டுவிட்டு, நெய்க்காரப்பட்டியில் அத்தையின் பிறந்த வீட்டுத் தோப்புக்கே குடிபோய்விட்டார். போகும்போது டெலஸ்கோப்பை நம் வீட்டில் இறக்கிவைத்தார். "கண்ணு தெரிஞ்சவன் வச்சிக்கட்டும்" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. அன்று இரவே கேனைச் சுவரில் மாட்டினேன். அந்த ஒரு சொட்டு எண்ணெய் இல்லாவிட்டால் பெட்டி சரியாகக் காட்டியிருக்கும், அவர் மரியாதை இருந்திருக்கும் என்று பல வருசம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஏழெட்டு வருசம் கழித்து ஒரு மார்கழிக் கடைசியில், டெலஸ்கோப்பை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நெய்க்காரப்பட்டிக்குப் போனேன். ரோட்டோரம் பழனிக்கு நடந்து போகிற கூட்டம் ஆரம்பித்திருந்தது. "ஏனுங்கண்ணா, இதையப் போயி இத்தன தூரம் தூக்கிட்டு வந்தீங்க, அவருக்குத்தான் பகலு ராத்திரியே தெரியாதுங்களே" என்றார் அத்தை. மச்சான் மட்டும் எழுந்து வந்து குழாயைத் தடவிப் பார்த்தார். இருட்டியதும் தோப்புக்கு வெளியே களத்தில் வைத்தோம். நான் இரண்டு நட்சத்திரங்களை அடையாளம் காட்டினேன். "நீ வாசி, நான் தள்ளுறேன்" என்றார். பழைய மாதிரியே நான் எண்களைச் சொல்லச் சொல்ல அவர் தள்ளினார். சைபர் வந்தது. அவர் குனியவில்லை. "பாரு. இருக்கா?" என்றார். "இருக்கு மச்சான்" என்றேன். "அப்பச் சரி" என்று கல்லில் உட்கார்ந்துகொண்டார். "அன்னைக்கு நான் எண்ணெய் விடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"எண்ணெய விடு மாப்ள. அது வழுக்கத்தான் செய்யும்" என்றார். பிறகு, வெஞ்சனத்தில் உப்பு குறைகிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: "நான் உங்கிட்டத்தான கேட்டேன், தெரியுதான்னு? செத்த நேரம் பேசாம இருந்திருக்கலாம்ல? எல்லாரும் போன பெறகு திருக முடுக்கியிருக்கலாம்ல?"

அன்று மைதானத்தில் அவர் என் தோளில் வைத்த கையின் எடை எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள்; அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார்.

ஊர் திரும்பியதும் கேனை இறக்கிவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். எடுத்துத் துடைத்தேன். பழைய எண்ணெய் உள்ளே பிசினாகி இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அதே ஆணியில் திரும்ப மாட்டிவிட்டேன். அதன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். லேத்தில் நிற்கும்போது நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். நீண்ட மூக்கோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. அமுக்கினால்தான் அது சத்தம் போடும். இல்லையென்றால் பேசாமல் இருக்கும்.