கட்டின வீடு

வீட்டைக் கயிற்றால்தான் கட்டுவார்கள் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நிற்கிறேன். வேட்டிக்கும் வீட்டுக்கும் ‘கட்டுவது’ என்று ஒரே சொல்லை வைத்தால் பிள்ளை என்ன செய்யும்? பழி தமிழுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி.

நாங்கள் குடியிருந்த டேனிஷ் ஊரான பிரெடெரிசியாவில் இருந்து பாலம் தாண்டினால், ஃபூன் தீவில் ஒரு பழைய மரச்சட்ட வீடு. அதன் நாணல் கூரையில் பாசி சுரண்டப் போன சித்தப்பா, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரியான டேனிஷ் கிழவி எங்களையும் கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தா.

இன்றைக்கும் அந்த வழியால் போனால் காரை மெதுவாக்கிப் பார்ப்பேன். தார் பூசிய கறுப்புத் தூண்கள், நடுவே மஞ்சள் மண்சுவர். ஒரு மரமாவது நேராக இல்லை. ஒன்றாவது விழவும் இல்லை. கோணல் மரத்தைக் கோணலாகவே விட்டு, அதற்கேற்ற இடத்தைத் தேடிக் கொடுத்திருக்கிறான் தச்சன். எந்த மரம் எதோடு சேரும் என்று பொருத்துக்குப் பொருத்து உளியால் கீறியும் வைத்திருக்கிறான். கெட்டிக்காரன்!

“இதுக்குப் பேர் பின்டிங்ஸ்வெர்க்,” என்றார் சித்தப்பா. “பின்ட எண்டால் கட்டுறது. ஒரு ஆணி கிடையாது. கட்டியே நிக்குது.”

“அவிழ்ந்தால்?”

“கொம்மா கோப்பியோட உள்ளுக்கைதான்.”

சொல்லிவிட்டு ஏணியோடு பின்பக்கம் போய்விட்டார்.

அம்மா உள்ளே. நான் முடிச்சைத் தேடினேன். முன்மூலைத் தூணில் அது கிடைத்தது. கூரை உச்சிக்கு மேலால் வந்த கயிறு தூணைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு எனக்குத் திருப்தியாக இல்லை. அவிழ்த்து, பள்ளியில் பழகிய சப்பாத்து முடிச்சாக இறுக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அவிழ்த்ததுதான் தாமதம், கயிறு பாம்பாகச் சீறி இழுத்தது. ஒரு சுற்று தூணில் மிஞ்சியிருந்தபடியால் பிடித்துக்கொண்டேன். வீடு “ஐயோ!” என்று அலறியது. டேனிஷ் வீடு ஏன் தமிழில் அழுகிறது என்று யோசிக்க நேரமில்லை.

“அம்மா, வெளியாலை வாங்கோ! வீடு விழப்போகுது!”

அம்மா ஓடிவந்தா. “விடடா கயித்தை, கை உரியுது!”

“விடமாட்டன்!”

கிழவி கயிற்றைப் பார்த்தா, கூரையைப் பார்த்தா. முகம் வெளுத்துப்போய்ப் பாய்ந்து வந்து, எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து, தூணோடு மூன்று முறை சுற்றி இறுக்கினா. வீட்டின் ரகசியம் தெரிந்தவ என்று எனக்கு அவவில் பெரிய மரியாதை வந்தது.

பிறகு கேக்கின் பெரிய துண்டு எனக்குத்தான். வீட்டைக் காப்பாற்றிய கூலி என்றே தின்றேன். சித்தப்பா மட்டும் கேக்கை விட்டுவிட்டு, தூணில் இருந்த முடிச்சை மூன்று முறை போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வீடு அன்றைக்கு ஒரு நூல்கூட அசையவில்லை. கயிற்றின் மற்ற நுனி, பின்பக்கக் கூரைச் சரிவில் கிடத்திய ஏணியில் கட்டியிருந்தது. ஏணியில் சித்தப்பா நின்றார்.