நான் நிரப்பாத கால் வட்டம்

1. கண் பழகும் நேரம்

என் முதல் நாள் வேலை, இருட்டில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. திங்கட்கிழமை, முதல் ஷிப்ட். அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வந்து மூன்றாம் நாள். லாரிகளுக்கு ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் என்னைக் கிராக் டிடெக்‌ஷன் பூத்தில் போட்டார்கள். நாலு பக்கமும் கறுப்புத் திரை தொங்கும் சின்ன அறை அது. உள்ளே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஊதா வெளிச்சம் தரும் ஒரு விளக்கு. நுழைந்ததும் ஒரு பீஸைக் கையில் எடுத்தேன்.

"ஏய், கீழ வைப்பா" என்று திரைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. சூப்பர்வைசர் ராமய்யா. அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம். "உன் கண்ணு இன்னும் வெளியவே நிக்குது. அது உள்ள வரட்டும். அஞ்சு நிமிஷம் சும்னே உக்காரு."

"சும்மா உக்காரவா சார் சம்பளம்?"

"அதுக்குத்தான் மொதல் சம்பளம். பாக்கறதுக்கு அப்புறம்."

வேலை இதுதான். ஸ்டீயரிங் ஆர்ம் எனும் இரும்புப் பீஸை இரண்டு செப்புத் தலைகளுக்கு நடுவே பிடித்துக் கரண்ட் விடுவோம், அது காந்தமாகும். மேலே பவுடர் கலந்த திரவத்தை ஊற்றுவோம். எங்காவது விரிசல் இருந்தால் பவுடர் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, ஊதா வெளிச்சத்தில் மயிரிழை போலப் பச்சையாக ஒளிரும். அதைத் தவறவிட்டால் அந்த விரிசல் ஏதோ ஒரு லாரியின் ஸ்டீயரிங்கில் போய் உட்காரும்.

அன்று தொடங்கி ஓய்வு பெற்ற நாள் வரை தினமும் டைரி எழுதினேன். இதில் வருபவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆண்டுகளை விட்டுவிட்டுக் கிழமைகளை மட்டும் தருகிறேன். கிழமைகள் டைரியில் உள்ளபடியே.

2. போர்டு

லைனின் வாசலில் ஒரு போர்டு உண்டு. இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள், மேலே வேலைகளின் பெயர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் நாலு பாகமாகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பு என்றால் வேலை பழகுகிறார். அரை என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். டெஸ்டில் தேறினால் நாலாவது காலும் கறுப்பாகும். மார்க்கர் சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருக்கும். வேறு யாரும் போர்டில் கை வைக்கக் கூடாது.

பூத்துக்கு டெஸ்ட் என்பது, ஐம்பது பீஸ்களுக்குள் விரிசல் உள்ள பத்துப் பீஸ்களைக் கலந்து கொடுப்பது. பத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது என்றாலும் முக்கால்தான்.

இதோடு ஒரு விதி. ஒருவர் வேறு டிபார்ட்மெண்டுக்கு மாற வேண்டுமென்றால், அவர் விட்டுப்போகும் வேலைக்கு முழு வட்டம் உள்ள இன்னொருவர் இருக்க வேண்டும். அவருக்கு ரிலீஸ் ஆள் என்று பெயர். ரிலீஸ் ஆள் இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது.

எனக்கு ஐந்தாம் வருடம் சூப்பர்வைசர் பயிற்சிக்கு வாய்ப்பு வந்தது. என் ரிலீஸ் ஆள் டெஸ்டில் ஒன்பதுதான் எடுத்தார். ராமய்யா மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு பூத்தில் உட்கார்ந்தார். சனிக்கிழமை மறுபடி டெஸ்ட். பத்தும் வந்துவிட்டது என்று நான் போய்ச் சொன்னபோது ராமய்யா கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதித் தட்டில் எழுந்து, சாம்பார்க் கையோடு வந்து, இடது கையால் வட்டத்தை நிரப்பினார்.

"சாப்பிட்டு வந்து போட்டிருக்கலாமே சார்."

"சாப்பிட்டா தூக்கம் வரும். தூங்கினா மறந்துடுவேன். ஆயித்து, ஓடு. பேப்பரைக் கொண்டு போய்க் குடு."

நான் பூத்தை விட்டு வெளியே வந்தது அப்படித்தான்.

3. மஞ்சுளா

பல வருடங்கள் கழித்து அந்த மார்க்கர் என் பாக்கெட்டுக்கு வந்தது. அப்போது பூத்தில் இருந்தவர் மஞ்சுளா. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு. பதினொரு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர். அவர் பார்த்து அனுப்பியதில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. நானே ஒரு தரம் அவரைச் சோதிக்க, பழைய விரிசல் பீஸ் ஒன்றை ட்ரேயில் நுழைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சார், உங்க பீஸை நீங்களே வச்சுக்குங்க. இதுல தூசி கூடத் தொடைக்கல."

முதல் ஷிப்ட் முடிந்ததும் மாலையில் பகுதி நேர டிப்ளமோ படித்தார். நாலு வருடம். கல்யாணம், குழந்தை எல்லாம் அதற்கு நடுவிலேயே. கடைசி வருடத்தில் அவருக்கு ஓயாத தலைவலி. கண் டாக்டர், இருட்டையும் ஊதா வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

டிப்ளமோ முடிந்த அடுத்த மாதம் அளவு அறையில் ஓர் இடம் காலியானது. மெஷினில் பீஸை வைத்து மைக்ரான் கணக்கில் அளந்து பார்க்கும் இடம் அது. ஏசி உண்டு. பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே இருக்கும் ஆட்களுக்கு முன்னுரிமை, சனிக்கிழமைக்குள் விண்ணப்பம் என்று நோட்டீஸ் போட்டார்கள்.

திங்கட்கிழமை மஞ்சுளா என் மேஜைக்கு வந்தார்.

"சார், பூத்துல எங்கிட்டப் பழகற செல்விக்கு டெஸ்ட் வச்சிருங்க. அவ ரெடி. நான் பக்கத்துல இருந்து பாத்துட்டேன்."

"நீ போயிட்டா பூத்தை யாருமா பாக்கிறது?"

"அதான் செல்வி சார். பதினோரு வருசம் ஆச்சு. எம் பொண்ணு நான் இருட்டுக் கெணத்துல வேல பாக்கறன்னு ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கா. ஒரு வாட்டியாவது ஜன்னல் வச்ச ரூமுன்னு சொல்லட்டும்."

வியாழக்கிழமை டெஸ்ட் வைக்கிறேன் என்றேன்.

4. வியாழக்கிழமை

வைத்தேன். செல்வி இருபத்தி மூன்று வயதுப் பெண், கைகள் லேசாக நடுங்கின. ஐந்து நிமிடம் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொரு பீஸாக எடுத்தாள். பத்துக்குப் பத்து. பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். அவள் போன பிறகு அதை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

காரணம் இது. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கஸ்டமர் ஆடிட். முந்தைய ஆடிட்டில் வேறு ஒரு லைனில் ஒரு விரிசல் தப்பி, அந்த சூப்பர்வைசரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்கள். எனக்கும் அப்படி நேர்ந்துவிடுமோ என்று பயம். ஆடிட் அன்று பூத்தில் மஞ்சுளா இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். வட்டத்தை நிரப்பினால் மஞ்சுளா போய்விடுவார். செல்வி தேறியிருந்தாள்தான். ஆனாலும் அவள் கை நடுங்கியதை நான் பார்த்திருந்தேன்.

டைரியில் அன்று எழுதியது: "செல்வி டெஸ்ட். 10/10. போர்டில் ஏற்றவில்லை. ஆடிட் முடியட்டும்."

சனிக்கிழமை காலை பெர்சனல் ஆபீசிலிருந்து போன். "மஞ்சுளா அப்ளிகேஷனுக்கு ரிலீஸ் ஆள் யாரு சார்? போர்டுல செல்வி முக்கால்னு இருக்கே?"

"இன்னும் டெஸ்ட் முடியல" என்றேன். நான் வேலை செய்த இத்தனை வருடத்தில் கம்பெனிப் பேப்பர் ஒன்றைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அது.

சாயங்காலம் மஞ்சுளா வந்தார். எதுவும் கேட்கவில்லை, நின்றார். நானே சொன்னேன்: "அடுத்த தடவை கண்டிப்பா பாக்கலாம்மா. இடம் வந்துக்கிட்டேதானே இருக்கும்."

"சரிங் சார்."

அளவு அறை வேலைக்குக் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். ஆடிட் நன்றாக முடிந்தது. எனக்குக் கைதட்டினார்கள். மறுநாள் புதன்கிழமை, செல்வியின் வட்டத்தை நிரப்பினேன். நிரப்பிக்கொண்டிருக்கும்போது மஞ்சுளா பின்னால் வந்து நின்றார்.

"மார்க்கர் நல்லாத்தான் எழுதுது சார்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போனார்.

5. கேமரா

அடுத்த தடவை என்று நான் சொன்னது வரவில்லை. மூன்று வருடம் கழித்து பூத் இருந்த இடத்தில் கேமரா மெஷின் வந்தது. திரையைக் கழற்றினார்கள். பூத் ஆட்களுக்கு விருப்ப ஓய்வுக் கடிதம் வந்தது. விருப்பம் என்பது கடிதத்தில் மட்டும் இருந்தது. அளவு அறையில் ஒருவரையும் தொடவில்லை.

மஞ்சுளா டிப்ளமோ சான்றிதழோடு ஜூஜுவாடி வரை ஒவ்வொரு கம்பெனி கேட்டாக ஏறி இறங்கினார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "வயசு முப்பத்தஞ்சு தாண்டிடுச்சாம் சார். எக்ஸ்பீரியன்ஸ் எதுலன்னு கேக்கறாங்க. இருட்டுலன்னு சொன்னன். பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

நானும் சிரித்தேன். அன்றைய டைரியில் மழை என்று மட்டும் இருக்கிறது.

6. ரோஜா ஷெட்

ஓய்வு பெற்ற பிறகு பழைய டைரிகளை ஒரே நோட்டில் பிரதி எடுத்து வருகிறேன். போன மாதம் அந்த வியாழக்கிழமைக்கு வந்தேன். எழுத ஓடவில்லை. இரண்டு நாள் பேனாவைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை, டைரியைப் பையில் போட்டுக்கொண்டு கெலவரப்பள்ளி பஸ் ஏறினேன்.

மஞ்சுளா வீட்டில் இல்லை. ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். நீள மேஜையில் பூக்கள் குவிந்திருந்தன. மேஜை ஓரத்தில் பெயிண்டால் கோடு போட்டிருந்தது: நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர். மஞ்சுளா ஒவ்வொரு பூவின் காம்பையும் கோட்டில் வைத்துப் பார்த்துத் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

"ஐயோ, சார்! வாங்க வாங்க. எளச்சிட்டீங்க." பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், ஒரு ஸ்டூல் வந்தது. "உக்காருங்க. இங்க அஞ்சு நிமிசம் கண்ணு பழக வேண்டியதில்ல."

"பொண்ணு என்னம்மா பண்றா?"

"நர்சிங் படிக்கறா சார். தலைவலியெல்லாம் நின்னுடுச்சு. வெளிச்சமாத்தான் இருக்கு இங்க." கை நிற்கவில்லை. நாற்பது, ஐம்பது, ஐம்பது.

டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன். "பழைய டைரியெல்லாம் ஒரு நோட்டுல காப்பி எடுத்துக்கிட்டு இருக்கேன். நான் உனக்கு ஒரு துரோகம் பண்ணியிருக்கேன்மா. படிச்சுப் பாரு."

பூவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து படித்தார். ஒரே வரிதான். படித்து நிமிர்ந்தார்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"செல்வி அன்னிக்கே பஸ்ல சொன்னா. பத்துக்குப் பத்துன்னு. பஸ்ஸுல எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்தன். சனிக்கெழம உங்க முன்னாடி வந்து நின்னப்ப, உங்க வாயால சொல்லுவீங்கன்னு பாத்தன்."

"ஏம்மா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?"

போட்டிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சனிக்கிழமையில் என்னை மறுபடி நிறுத்திப் பார்த்தேன். இன்னொரு காரணம்தான் சொல்லியிருப்பேன்.

மஞ்சுளா மீண்டும் ஒரு காம்பை எடுத்துக் கோட்டில் வைத்தார். "பெங்களூர் வண்டி நாலு மணிக்கு வந்துடும் சார். டீ சொல்லியிருக்கன், குடிச்சிட்டுப் போங்க. அப்பறம், காப்பி எடுக்கறீங்கன்னு சொன்னீங்களே, அந்த வரிக்குக் கீழ இதையும் சேத்துக்குங்க. மஞ்சுளாவுக்குத் தெரியும்னு."

அன்று இரவே சேர்த்தேன்.

லைனில் இன்று மார்க்கர் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போர்டில் இருக்கும் வட்டம் உங்கள் ஆளின் வட்டமாகத் தெரியும். அதன் பின்னால் இன்னொருவர் வெளியே போகக் காத்துக்கொண்டு நிற்பார். டெஸ்ட் முடிந்த அன்றே நிரப்புங்கள். ராமய்யா எனக்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அதே வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது பதின்மூன்று நாள்.