அறுபத்து மூன்று சூப்பர்கள்

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற சாலையில், நேற்றுவரை வேர்க்கடலை விளைந்த நிலத்தில் கட்டியிருக்கிறார்கள். ஏ.சி. ஹால், பந்திக்குத் தனி மாடி, கார் நிறுத்த ஒரு ஏக்கர்... ஊர் எங்கேயோ போய்விட்டது, போங்கள்.

மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். வள்ளி கல்யாணம். முருகன் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் தினைப்புனம், ஓரத்தில் தோழிகள். வரைந்தவள் தேவகி. எனக்குத் தங்கை மாதிரி. அவளுடைய முதல் பெரிய வேலை அது.

ஹோமத்துக்கு வந்த சாஸ்திரிகள் கலசத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை தானாகப் போய்த் தன் பூணூலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மண்டபத்துக்காரரிடம் மெல்லக் கேட்டார்.

"இன்னிக்கு இங்க யாருக்குத் திதி?"

கல்யாண மண்டபத்தில் கேட்கிற கேள்வியா இது?

விஷயம் இதுதான். பூணூல் இடது தோளிலிருந்து இறங்க வேண்டும். நல்ல காரியங்களுக்கு அப்படித்தான். செத்துப்போன முன்னோருக்குச் செய்யும்போது மட்டும் வலது தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். அமாவாசைக்குக் குளக்கரைப் பக்கம் போகிற யாருக்கும் இது தெரியும். பத்தடி உயர ஃப்ளெக்ஸில் நம் முருகன் வலது தோளில் பூணூலோடு கல்யாணம் செய்துகொண்டிருந்தார். போதாததற்கு, இடது கையால் வள்ளியின் இடது கையைப் பிடித்திருந்தார். வள்ளியின் முந்தானை வலது தோளில் கிடந்தது. மொத்தப் படமும் இடவலம் மாறிப் போயிருந்தது.

தேவகி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். கிரானைட் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள்.

ஏன் தரையைப் பார்த்தேன்? அதைச் சொல்லித் தீர்த்துவிடலாம் என்றுதான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் இன்டர்நெட்டில் 'கிறுக்கல் கூடம்' என்று ஒரு ஃபோரம் இருந்தது. படம் வரைகிறவர்களுக்கான இடம். அம்பது அறுபது பேர் இருப்போம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நடத்தியவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், அங்கே அவர் பெயர் 'அழிரப்பர்'. நான் 'கட்டைவிரல்'. 'மிளகாய்ப்பொடி' என்று ஒருவர் இருந்தார். அவர் விமர்சனம் எழுதினால் இரண்டு நாளைக்கு எரியும். ரிட்டயர் ஆன டிராயிங் மாஸ்டர் யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் இரண்டே சட்டம். ஒன்று, ஒரு படம் போட்டால் பக்கத்திலேயே அதை இடவலம் திருப்பியும் போட வேண்டும். இதற்குக் 'கண்ணாடிப் படம்' என்று பெயர். வரைந்தவன் கண் நாலு நாளில் தன் தப்புக்குப் பழகிவிடும். திருப்பிப் பார்த்தால் கோணல் மூக்கும் ஏறிய தோளும் பளிச்சென்று தெரியும். இரண்டாவது சட்டம்: பாராட்டுவதற்கு முன்னால் ஒரு குறை சொல்ல வேண்டும். குறை சொல்லாமல் 'சூப்பர்' என்று எழுதிப் பாருங்கள்... அழிரப்பர் வந்து அழித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு முறை மாடு வரைந்து போட்டேன். அரைமணி நேரத்தில் மிளகாய்ப்பொடி எழுதியது: 'முன்னங்கால் இரண்டும் வேறு வேறு மாட்டுடையவை. மற்றபடி மாடு நன்றாக இருக்கிறது.' நானோ மாடு கட்டியிருக்கிற வீட்டுப் பிள்ளை! ரோஷத்தோடு பதில் எழுதினேன். மூன்று பக்கத்துக்குச் சண்டை போனது. கடைசியில் கொட்டகைக்குப் போய்க் காலைப் பார்த்துவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு திருத்தினேன். அந்த மாடு இன்றைக்கும் என் வீட்டு ஹாலில் ஃப்ரேமுக்குள் நிற்கிறது. நான் வரைந்ததில் உருப்படியானது அதுதான்.

மிளகாய்ப்பொடி யாரென்று தெரிந்தது கரண்ட் புண்ணியத்தில். ஒரு நாள் சண்டை உச்சத்தில் இருக்கும்போது பிரவுசிங் சென்டரில் கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்ததும், 'மன்னிக்கவும், எங்கள் ஊரில் கரண்ட் இல்லை' என்று எழுதினேன். அதே நிமிஷத்தில் மிளகாய்ப்பொடியும் அதையே எழுதியிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. 'உங்கள் ஊருக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும்?' என்று கேட்டேன். 'மலைக்குப் போகிற எந்த பஸ்ஸிலும்' என்று பதில் வந்தது. என் ஊர் திருத்தணியேதான்!

இரண்டு தெரு தள்ளி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடையில், கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது மிளகாய்ப்பொடி. இருபது வயசு. பெயர் தேவகி. கனகம்மாசத்திரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற பெண். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "நீங்க பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சிகினு இருந்தேண்ணா" என்றாள். அதிலும் ஒரு குறை வைத்துத்தான் பேசினாள், பாருங்கள்.

இப்படி இருந்த கூடம் எப்படிக் காலியானது? சண்டை போட்டு யாரும் போகவில்லை. சொல்லிக்கொண்டும் போகவில்லை. எல்லாரும் இப்போது குடியிருக்கிறார்களே ஒரு தளம்... அங்கே ஒவ்வொருவராகக் கணக்குத் தொடங்கினார்கள். கூடத்தில் படம் போட்டால் ஒரு நாள் கழித்து நாலு குறை வரும். அங்கே போட்டால் அஞ்சு நிமிஷத்தில் நாற்பது 'லைக்' வரும். எது இனிக்கும்? நானும்தான் போனேன். என் பதவிசான போட்டோவோடும் அப்பா வைத்த பெயரோடும் போனேன். கூடத்தில் கடைசியில் மிஞ்சியது மருந்து விளம்பரம் போடுகிற வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான். அழிரப்பர் ஒரு வருஷம் அவர்களை அழித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் திறந்து பார்த்தால் பக்கமே இல்லை.

அதற்கும் நாங்கள் எல்லாரும் 'ஐயோ, நல்ல இடமாச்சே' என்று அந்தத் தளத்தில்தான் எழுதினோம். அதற்கு நிறைய லைக் வந்தது.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன்.

மண்டபத்துக்காரர் முனிரத்தினம் விவசாயி. தேவகி அடித்துக் கொடுத்த பத்திரிகையில் பிள்ளையார் படத்தைப் பார்த்துவிட்டு, மேடைக்கு நீயே வரைந்து கொடு என்று சொல்லியிருந்தார். நன்றாக வந்தால் மற்ற சுவர்களும் அவளுக்குத்தான்.

தேவகிக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சென்னை–திருப்பதி ரோட்டைப் பார்த்த மாதிரி அவள் வீட்டில் ஒரு முன்னறை. அவள் அப்பா ஏழுமலை அதில் உரமூட்டை அடுக்கியிருந்தார். அந்த அறையைக் கேட்டு, சொந்தமாக டிசைன் கடை வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசியில் இறங்கி வந்து, மண்டபத்து வேலை நல்லபடியாக முடிந்தால் அறை உனக்கு என்றார். முடியாவிட்டால்? அடுத்தவர் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் கல்யாணத்துக்குப் பெயர் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஃபோரம் போனாலும் அவளுக்குப் பழக்கம் போகவில்லை. படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வாரம் தப்புத் தேடியிருக்கிறாள். திருப்பிய படத்திலேயே திருத்தியிருக்கிறாள். அதற்கே கண் பழகிவிட்டது. மறுபடி நேராக்க மறந்துவிட்டாள். அவள் வீட்டில் யாரும் பூணூல் போடுகிறவர்கள் இல்லை. அதுவும் கண்ணில் படவில்லை. பழைய கூடமாக இருந்தால் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பாள். பத்து நிமிஷத்தில் யாராவது பிடித்திருப்பார்கள். புதுத் தளத்தில் ஒரு படம்தானே போடுவார்கள்? தப்பான ஃபைலைப் போட்டாள். நாலு நாள் கழித்து அதையே ஃப்ளெக்ஸ் கடைக்கும் கொடுத்தாள்.

கீழே அறுபத்து மூன்று பேர் வரிசையாக எழுதியிருந்தார்கள். சூப்பர், அருமை, செம, கைகூப்புகிற பொம்மை. அவள் மாமா, சித்தப்பா பையன், பள்ளிக்கூட டீச்சர்... முனிரத்தினத்தின் பெங்களூர் மகன் 'அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது' என்று எழுதியிருந்தான்.

அந்த அறுபத்து மூவரில் நானும் ஒருவன்.

எனக்குத் தெரியாதா? படம் திரையில் வந்ததுமே தெரிந்துவிட்டது. பூணூல்தான் முதலில் கண்ணில் பட்டது. 'தேவகி, படம் திரும்பியிருக்கிறது' என்று டைப்கூட அடித்தேன். அடித்துவிட்டு மேலே பார்த்தேன். அவள் மாமா, டீச்சர், மண்டபத்துக்காரர் மகன்... இத்தனை பேர் கொண்டாடுகிற இடத்தில் நாம் போய் முகத்தைச் சுளிப்பதா? பெரிய எழுத்தாளன் என்று திமிர் என்பார்கள். அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அடித்ததை அழித்துவிட்டு 'சூப்பர்மா' என்று எழுதினேன். அப்புறம் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வெளியூர். ஃப்ளெக்ஸ் அடிப்பதற்குள் அவளே பார்த்துவிடுவாள் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மறந்தே போனேன்.

கட்டைவிரலாக இருந்தபோது எனக்கு இருந்த முதுகெலும்பு, சொந்தப் பெயரில் வந்ததும் எங்கே போனது?

மேடையில் ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். வெற்றுச் சுவருக்கு முன்னால் ஹோமம் நடந்தது. ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார். தேவகி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேம்மா."

"எப்போ?"

"நீ போட்ட அன்னிக்கே."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாட்டுக் காலுக்கு மூணு பக்கம் சண்ட போட்டோமேண்ணா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குள் முனிரத்தினம் வந்துவிட்டார். அவருக்குக் கோபம் தேவகி மேல் இல்லை. இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருத்தருக்கும் கண் இல்லையா என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒரு அடி முன்னால் போய், நான் பார்த்தேன், சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. வாசலில் நின்ற ஏழுமலைக்கும் கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் நீங்க... எதிர்ல ஒருத்தன் சட்டைய திருப்பிப் போட்டுகினு வந்தாக்கா, சொல்லாம வழி வுட்டு நின்னுடுவீங்களா?" என்றார். பிறகு தேவகியிடம் திரும்பினார். பதினைந்து நாளில் மண்டபத்தில் முதல் கல்யாணம். அதற்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்றார். என்னைக் கைகாட்டி, "இவரு வாணாம். இவரு பாத்துட்டு சும்மா இருப்பாரு" என்றார்.

நியாயம்தானே?

அடுத்த நாள் காலை அந்தத் தளத்தைத் திறந்தேன். என் நண்பர்கள் பட்டியலில் தேவகி இல்லை. நீக்கிவிட்டாள். நெஞ்சில் சுருக்கென்றது. செய்த காரியத்துக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு மெயிலைத் திறந்தால், அவளிடமிருந்து ஒரு கடிதம். இரண்டு படங்கள். நேரானது ஒன்று, திருப்பியது ஒன்று. ஒரு வரிகூட எழுதவில்லை.

உட்கார்ந்தேன். கிளிக் செய்தால் படம் நேராகிவிடும், அது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க, பூணூலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவை எல்லாம் வெளியே வந்தன. வள்ளி முருகனைப் பார்க்கவே இல்லை, போட்டோக்காரரைப் பார்க்கிறாள். முருகன் கை அவள் கையைவிட இரண்டு மடங்கு. தோழிகள் மூன்று பேருக்கும் ஒரே முகம். பதினாலு குறை எழுதினேன். பாராட்டு ஒன்றே ஒன்றுதான் எழுதினேன். தினைக்கதிர் நன்றாக இருக்கிறது என்று. அனுப்பிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். அதிகமாகப் போய்விட்டேனோ?

மூன்றாம் நாள் பதினாலில் பதினொன்றைத் திருத்தி அனுப்பினாள். மீதி மூன்றில் நான் சொன்னதுதான் தப்பாம். மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவரின் வீட்டு அம்மாள் ஒருவரிடம் போய்ப் பூணூல், மாலை, மாங்கல்யம் எல்லாம் காட்டிச் சரிபார்த்தும்விட்டாளாம். முதல் கல்யாணத்துக்கு முந்தின நாள் புது ஃப்ளெக்ஸ் ஏறியது. போய்ப் பார்த்தேன். வள்ளி முருகனைப் பார்க்கிறாள்... பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. மற்ற சுவர்களும் அவளுக்கே என்று முனிரத்தினம் சொல்லிவிட்டார். ஏழுமலை உரமூட்டைகளை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாராம்.

அங்கே வைத்துத்தான் தேவகியிடம் கேட்டேன். கோபம் தீர்ந்துவிட்டதே, மறுபடி நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளேன் என்று.

தேவகி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள்.

"வேணாண்ணா. அங்க வந்தீங்கன்னா சூப்பர்னு எழுதுவீங்க. எனக்கு அந்த மாதிரி அறுபத்திரெண்டு பேரு கீறாங்க. வெளிய இருந்து சொல்றதுக்கு ஒருத்தர் வோணும்."

நண்பர் பட்டியலிலிருந்து ஒருவர் என்னை நீக்கி, அதற்காக நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.